நீங்க முதல்ல போங்க

என் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க விடாமல் இழுத்தடித்தவள் நான்தான். மாப்பிள்ளை வீட்டில் சரி என்று சொல்லியாயிற்று. எங்கள் வீட்டிலும் சரி என்று சொல்லியாயிற்று. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனை நான் நம்மாள் என்றுதான் சொல்வேன். நம்மாள் வாரம் தவறாமல் கேட்பான், நானும் வாரம் தவறாமல் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பேன். கால் முறிந்தவர்களை மறுபடி நடக்க வைக்கும் வேலை அவனுக்கு. மெதுவாக நகர்கிறவர்களிடம் எரிந்து விழாமல் இருக்கப் பழகியிருந்தான்.

காரணம் அப்பா. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பா அச்சகம் நடத்துகிறார். பகலெல்லாம் மிஷின் இரைச்சலில் யாரோடும் பேச முடியாது என்பதால், அன்றைக்குப் பேச வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் கொட்டுவார். அதில் முக்கால்வாசி கார். அம்மாவுக்குக் கார் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அப்பா எதைச் சொன்னாலும் "அதெல்லாம் இல்ல" என்று ஆரம்பிக்கத் தெரியும். அது போதும் அவருக்கு. தட்டில் இருப்பது ஆறி அவலாகும் வரை இரண்டு பேரும் மல்லுக்கட்டுவார்கள்.

அந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதிப்பது என் தொழில். நாள் முழுக்க அடுத்தவர் காதுக்குள் மெல்லிய ஓசைகளை அனுப்பி, "கேக்குதா, இப்ப கேக்குதா" என்று கேட்டுவிட்டு வீடு திரும்பினால் என் காது கடையைச் சாத்திவிடும். போதாததற்கு, காரில் ஏறி நாலு திருப்பம் போனால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். இப்படிப்பட்டவளிடம் அவர் கியர் பெட்டியைப் பற்றிப் பேசுவார். நான் "ம்" என்பேன். அந்த "ம்"முக்காகவும் அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டால் அந்த மேஜையில் அவர் யாரிடம் பேசுவார்? உப்பு ஜாடியிடமா?

"எங்களோட வந்துடுங்கப்பா" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கல்யாணம் உனக்கா, எனக்கா? நான் எதுக்கு மூட்டை கட்டணும்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்பாவின் உயிர் ஒரு நீல நிறக் கூப்பேயில் இருந்தது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, நீளமான மூக்கு. என்ஜின் முன்னால் இருந்தாலும் வண்டியைத் தள்ளுவது பின் சக்கரங்கள்தான். மாதக் கடைசி ஞாயிறு ஊருக்கு வெளியே உள்ள கார் பந்தய டிராக்கில் அவருடைய கார் கிளப் ஆட்கள் கூடுவார்கள். ஐந்தாறு வண்டிகளாக உள்ளே விடுவார்கள். அன்றைக்கு யாருடைய ஒரு சுற்று எல்லோருடையதையும்விடச் சீக்கிரம் முடிகிறதோ, அவர் பெயர் கரும்பலகையின் உச்சியில் ஏறும். பரிசு என்று பார்த்தால் அந்தப் பலகைதான்.

அந்தப் பலகையின் உச்சியில் அப்பா பெயர் ஒரு மாதம் இருக்கும், மறு மாதம் ஒரு பல் டாக்டரின் பெயர் இருக்கும். டாக்டரம்மா என்று கிளப்பில் எல்லோரும் கூப்பிடும் அவரிடம் இருந்தது மஞ்சள் நிற ஹேட்ச்பேக். வால் பகுதியே இல்லாமல் வெட்டிவிட்டது போன்ற குட்டி வண்டி. அதில் இழுப்பதும் முன் சக்கரம், திரும்புவதும் முன் சக்கரம். பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற வண்டி என்று தோன்றும். வளைவில் அப்பாவை அது முந்திப் போகும்போது அப்படித் தோன்றாது.

இரண்டு பேரும் டிராக் ஓரத்துக் கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போடும் சண்டையை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும்.

"ஒரே ஆளே சமைச்சு, அதே ஆளே பரிமாறி, அதே ஆளே பாத்திரமும் கழுவணும்னா எந்த வேலை உருப்படும்? உங்க முன் சக்கரத்துக்கு அதான் கதி. என் வண்டியில திருப்புறது முன்னாடி, தள்ளுறது பின்னாடி. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்குறாங்க" என்பார் அப்பா.

"ஆமா, பாக்குறாங்க. மழை ஒரு தூறல் போட்டதும் உங்க பின் சக்கரம் பாக்குற வேலையத்தான் போன மாசம் எல்லாரும் பாத்தோமே. அரை வட்டம் அடிச்சு எனக்கு வணக்கம் வெச்சுட்டு நின்னுச்சு."

"வளைவுல பின்பக்கம் வழுக்கினா நான் கால லேசா எடுத்து, ஸ்டியரிங்க எதிர்ப்பக்கம் கொடுத்துச் சமாளிப்பேன். அது ஒரு கலை. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் ஆக்ஸிலேட்டர இன்னும் அழுத்துவேன். முன் சக்கரம் இழுத்து வண்டிய நேராக்கிடும். கலையெல்லாம் வேணாம், வீட்டுக்குப் போய்ச் சேரணும்."

"என் வண்டியில அப்படி அழுத்தினா பம்பரம்தான்."

"அதான் சொல்றேன், உங்க வண்டி சரியில்லன்னு."

அப்பா அந்த மஞ்சள் வண்டிக்கு டிஃபன் டப்பா என்று பெயர் வைத்திருந்தார். டாக்டரம்மா கூப்பேயைச் சாய்வு நாற்காலி என்பார். டிராக்கிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு மேஜையில் இதே பேச்சு. "அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?" எனக்குத் தெரிந்து அம்மாவுக்குப் பிறகு அவர் சாப்பாட்டை ஆறவிட்டது அந்த வாரங்களில்தான். நான் அந்த அம்மாளை அப்போது பார்த்ததில்லை. டிராக்குக்குப் போகும் வழியிலேயே எனக்கு வாந்தி வந்துவிடும் என்பதால் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

நம்மாளை நான் மருத்துவமனை லிஃப்டில்தான் சந்தித்தேன். பழகி, பிடித்துப்போய், ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கார் ஓட்டவே தெரியாதவன், சைக்கிளில் வந்து இறங்கினான். அதையும் அப்பா பெரிய மனதோடு மன்னித்தார்.

"அம்மா என்ன பண்றாங்க தம்பி?"

"பல் டாக்டர், மாமா. அப்பா கப்பல்ல என்ஜினியர், வருஷத்துல பாதி கடல்லதான். அம்மாவுக்குப் பொழுது போகணும்ல, ஞாயித்துக்கிழமை கார் ஓட்டுவாங்க."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன கார்?"

நம்மாள் கொஞ்சம் யோசித்தான். "மஞ்சள் கலர், மாமா."

அப்பா கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "டிஃபன் டப்பாவா" என்றார் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "நல்ல குடும்பம்" என்றார்.

எல்லாம் அங்கேதான் கெட்டது. எதிர்ப்பார்கள், சண்டை வரும், சமாளிக்க வேண்டும் என்று நான் என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன். நடந்தது அதைவிட மோசம். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அடுத்த மாதம் டிராக்கில் அப்பா இறங்கியதும் டாக்டரம்மா எழுந்து நின்றாராம். "வாங்க சார், நல்லா இருக்கீங்களா" என்றாராம். அப்பா கைகூப்பி, "நீங்க நல்லா இருக்கீங்களா, சார் கப்பல்லேருந்து போன் பண்ணாரா" என்றாராம். டிஃபன் டப்பாவும் இல்லை, சாய்வு நாற்காலியும் இல்லை. சம்பந்தி வீடு ஆயிற்றே, ஒரு சொல் கூடக் குறையப் பேசி, நாளைக்குப் பிள்ளைகளுக்கு அது குத்திக்காட்டும் விஷயமாகிவிடக்கூடாது பாருங்கள். அதுவாவது கொட்டகையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டிராக்கின் உள்ளே, அடுத்தடுத்து வளைவுக்குள் நுழையும்போது, அப்பா ஓரம் ஒதுங்கிக் கையைக் காட்டுவார், நீங்க முதல்ல போங்க என்று. டாக்டரம்மா பிரேக்கை மிதித்து விளக்கை மின்னவிடுவார், பரவாயில்ல சார், நீங்க போங்க என்று. இப்படி இரண்டு வண்டியும் வளைவு வாசலில் தயங்கி நிற்க, பின்னால் வந்த பையன்கள் இருவரையும் முந்திக்கொண்டு போனார்கள். பலகையின் உச்சியில் யாரோ ஒரு புதுப் பெயர் ஏறியது. ஓரத்தில் நிற்கும் கொடிக்காரர் கடைசியில் கத்தியே விட்டார். "ரெண்டு பேரும் இப்படியே வாசல்ல நின்னு உபசாரம் பண்ணிட்டிருங்க. நான் போய் நாற்காலி எடுத்துட்டு வர்றேன்."

இதெல்லாம் அப்பா எனக்குச் சொல்லவில்லை. அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். நம்மாள் அவன் அம்மா சொல்லக் கேட்டு எனக்குச் சொன்னான். எங்கள் மேஜையில் அப்பா தட்டைக் காலி செய்து, கழுவி வைத்துவிட்டு, செய்தி கேட்கப் போய்விடுவார். சாப்பாடு சூடாகவே வயிற்றுக்குள் போயிற்று. நான் ஒருவனைக் காதலித்து, என் அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒரே எதிரியையும் பறித்துக்கொண்டேன். இந்த நிலையில் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக எப்படித் தேதி குறிப்பேன்?

வருடத்தின் கடைசி டிராக் ஞாயிறுக்கு நானே வருகிறேன் என்று சொன்னேன். மாத்திரை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, எலுமிச்சம் பழத்தை முகர்ந்தபடி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். நம்மாள் சைக்கிளில் எனக்கு முன்பே வந்து, பிஸ்கட் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

டாக்டரம்மாவின் கோஷ்டி காலையிலேயே ஓட்டி முடித்துவிட்டது. அவர் பெயர்தான் பலகையின் உச்சியில். அப்பாவின் கோஷ்டி மதியத்துக்கு மேல். ஓட்டத்துக்கு முன் வண்டிகளைப் பார்வையிடுவதும் கொடிக்காரர்தான். அப்பா வண்டியைச் சுற்றி வந்தவர் பின் டயர் அருகே குந்தி உட்கார்ந்தார். விரலால் தடவினார்.

"அய்யா, இது டயரா, வழுக்கைத் தலையா? உள்ள இருக்கிற கம்பியே தெரியுது. இத வெச்சுக்கிட்டு உள்ள விட முடியாது."

பின் சக்கரம் தள்ளுகிற வண்டி பின் டயரைத்தான் தின்னும். அப்பாவுக்கு அது தெரியாதா? முன்பெல்லாம் ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே டயரை மாற்றி, தட்டிப் பார்த்து, அதைப் பற்றி என்னிடம் ஒரு மணி நேரம் பேசுகிறவர். இந்த முறை டயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, விடுங்க" என்றார் அப்பா. "வாம்மா, வீட்டுக்குப் போகலாம்."

பட்டப்பகலில் டிராக்கில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்கிறார் என் அப்பா. காய்ச்சல் முற்றியபோதும் போர்வையோடு இங்கே வந்தவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்று தெரியவில்லை. விறுவிறுவென்று மஞ்சள் வண்டியை நோக்கி நடந்தேன். நம்மாள் பின்னாலேயே "இரு, என்ன பண்ணப்போற" என்று ஓடி வந்தான்.

டாக்டரம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். முதல் இடத்தில் இருக்கிறவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"அத்தை" என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தயவுசெஞ்சு எங்கப்பாவ மரியாதையா நடத்தாதீங்க."

நம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என்னம்மா சொல்ற?"

"நீங்க அவரத் திட்டி எத்தனை மாசம் ஆச்சு? அவர் வீட்டுல வாயத் திறக்கிறதில்ல. சாப்பிடுறாரு, தட்டக் கழுவுறாரு, தூங்குறாரு. அவர இப்படி விட்டுட்டு என்னால கல்யாணம் பண்ணிக்கிட்டு வர முடியாது. நான் தேதிய தள்ளிப்போடுறதுக்குக் காரணம் உங்க பையன் இல்ல. நீங்கதான்."

டாக்டரம்மா என்னைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். நான் அதிகம் பேசிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நெஜமாவா சொல்ற? திட்டினா நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டியே?"

"நெனச்சுக்க மாட்டேன்."

"பொண்ணு வீட்டுக்காரரப் போய் இப்படிப் பேசலாமான்னு நாளைக்கு உங்க சொந்தக்காரங்க யாராவது..."

"அத்தை, சத்தியமா யாரும் கேக்க மாட்டாங்க."

"எனக்கு வாய் அரிக்குதும்மா" என்றார் அவர். "போன மாசம் அவர் மூணாவது வளைவுல போனாரு பாரு, தள்ளுவண்டி மாதிரி. சொல்றதுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, நல்லா ஓட்டினீங்க சார்னு சொன்னேன். அன்னைக்கு முழுக்க எனக்கு நெஞ்செரிச்சல்."

நான் டயர் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி தானாக மடங்கி விழுந்தது.

அப்பா கூப்பேயின் கதவைத் திறந்து ஏறப்போனார். டாக்டரம்மா அவர் எதிரில் போய் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"டயர் தேஞ்சுபோச்சும்மா. நீங்க நல்லா பண்ணீங்க. ரொம்ப சந்தோஷம்" என்றார் அப்பா, பழைய மரியாதையோடு.

"என்ன சந்தோஷம்? டயர் இல்லாததால விட்டேன், இல்லன்னா ஜெயிச்சிருப்பேன்னு பொறக்கப்போற பேரன் பேத்தி வரைக்கும் கதை சொல்லிட்டிருப்பீங்க. அதக் கேக்குறதுக்கு நான் உசுரோட இருக்கணுமா? என் வண்டியில முன் டயர்தான் தேயும். பின் டயர் ரெண்டும் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு, சும்மா கூட வந்துட்டுப் போறதுதான் அதுங்க வேலை. ரெண்டு வண்டிக்கும் ஒரே அளவு சக்கரம். கழட்டி மாட்டிக்குங்க. மாட்டிக்கிட்டுத் தோத்துக் காட்டுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"டிஃபன் டப்பாவோட டயரயா என் வண்டிக்கு மாட்டணும்?" என்றார் அப்பா. மெதுவாகத்தான் சொன்னார், வெந்நீரில் விரலை விட்டுப் பார்ப்பவர் போல.

"ஆமா. சாய்வு நாற்காலிக்கு வேற என்ன மாட்டுவாங்க, உருளையா?"

அவ்வளவுதான். கொட்டகையில் ஒவ்வொருவராக வந்து கூடிவிட்டார்கள். ஜாக்கி வைத்துச் சக்கரம் கழற்றுகிற நேரம் முழுக்க இரண்டு பேரும் வாயை மூடவில்லை. மாதக்கணக்கில் அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்துவிட்டது. மூன்றாவது வளைவும் வந்தது, தள்ளுவண்டியும் வந்தது, போன வருடத்து மழையும் வந்தது. மஞ்சள் வண்டி பின்னால் சக்கரம் இல்லாமல் இரண்டு முட்டுக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது.

"ஒரு நிபந்தனை" என்றார் டாக்டரம்மா. "டயர் என்னுது. அது எப்படி நடத்தப்படுதுன்னு நான் பாக்கணும். பக்கத்துல உக்காந்து வருவேன்."

மதிய ஓட்டத்தில் பக்கத்தில் ஆள் ஏற்றிக்கொள்ள கிளப் அனுமதிக்கும். ஆனால் ஏற்றினால் வண்டி கனக்கும், நேரம் கூடும். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு பெண்மணியிடம் எடையைப் பற்றிப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

"ஏறுங்க" என்றார். "அப்பவாவது பின் சக்கரம்னா என்னன்னு தெரிஞ்சுக்குங்க."

ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் கருவி அப்பாவிடம் இருந்தது. டாக்டரம்மாவின் ஹெல்மெட்டிலும் ஒன்றைப் பொருத்தி, என் போனையும் அதோடு சேர்த்தார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நான் அவருக்கு நேரத்தைச் சொல்ல வேண்டும். காதில் மாட்டும் இரண்டு குமிழ்களில் ஒன்றை நான் வைத்துக்கொண்டேன், மற்றதை நம்மாள் வைத்துக்கொண்டான். வேலி ஓரம் இரண்டு பேரும் ஒட்டி நின்றோம்.

முதல் சுற்று டயர் சூடேற.

"மெதுவா, மெதுவா. புது டயர், இன்னும் பிடிக்காது."

"இருபது வருஷமா ஓட்டுறேன்."

"அதான் இருபது வருஷமாப் பாக்குறேனே. ஏன் இவ்வளவு சீக்கிரம் பிரேக் போடுறீங்க?"

"என் வண்டிக்கு இதான் இடம். நீங்க உள்ள போய் மூக்க நுழைச்சு இழுப்பீங்க. நான் முன்னாடியே நிதானமாகி, நடுவுலேருந்து தள்ளிட்டு வெளிய வருவேன். இப்பப் பாருங்க."

கூப்பே வளைவின் நடுவில் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, நேர்ப்பாதைக்கு வந்ததும் ஓடியே விட்டது.

"சரி" என்றார் டாக்டரம்மா. "அது நல்லாத்தான் இருந்துச்சு."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாருங்க."

இரண்டாவது சுற்று. நான் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். டாக்டரம்மா காலையில் ஓட்டிய சுற்றோடு ஒப்பிட்டால், பாதிச் சுற்றில் அப்பா முன்னால் இருந்தார். பக்கத்தில் ஆளை ஏற்றிக்கொண்டும் முன்னால் இருந்தார். நம்மாள் என் கையை நசுக்கினான், கார் என்றால் கலர் மட்டும் தெரிந்தவன்.

கடைசி வளைவு போகப்போகக் குறுகும். அதற்குள் நுழைந்தபோது கூப்பேயின் பின்பக்கம் அளவுக்கு மேல் நழுவியது. அப்பா வழக்கமாகச் செய்வதைச் செய்யத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொடுத்தார். காலை லேசாக எடுத்திருக்க வேண்டும்.

காதுக்குள் டாக்டரம்மாவின் குரல். "அழுத்துங்க, அழுத்துங்க, அழுத்துங்க சம்பந்தி."

அப்பா அழுத்தினார்.

நீல வண்டி பம்பரம்தான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அதற்கும் மேல் பாதி. புகையும் புழுதியும் கிளப்பிக்கொண்டு புல்வெளியில் வழுக்கிப் போய், மூக்கை வந்த வழியே திருப்பிக்கொண்டு நின்றது. கொடிக்காரர் சிவப்புக் கொடியை ஆட்டினார். என் காதில் ஒரு சத்தமும் இல்லை. காதில் விழாத ஓசையைத் தேடுவதுதான் என் பிழைப்பு, ஆனால் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. "அப்பா" என்றேன். "அப்பா."

"சம்பந்தி, இருக்கீங்களா?" என்றது டாக்டரம்மாவின் குரல்.

"இருக்கேன்." அப்பா மூச்சு வாங்கினார். "நீங்க எதுக்கு அழுத்துங்கன்னு சொன்னீங்க?"

"என் வண்டியில அப்படித்தான் அழுத்துவேன்."

"இது உங்க வண்டி இல்ல."

"அது எனக்கு ஞாபகம் வராமப் போச்சு, வாய் தானா சொல்லிடுச்சு. நீங்க எதுக்கு அழுத்தினீங்க? கால் உங்களுதுதானே?"

"நீங்க சொல்லி நான் எப்படித் தட்டுறது?"

பிறகு ஒரு விசித்திரமான ஓசை கேட்டது. கருவி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பா சிரிக்கிறார். அம்மாவோடு மல்லுக்கட்டித் தோற்றுப் போகும்போது சிரிப்பாரே, மூச்சு முட்டி, அதே சிரிப்பு. நான் அதை இனிமேல் கேட்கப் போவதில்லை என்று நினைத்திருந்தேன். டாக்டரம்மாவும் சேர்ந்துகொண்டார். இரண்டு ஹெல்மெட்டுக்குள்ளும் சிரிப்பு அடைத்துக்கொண்டு, என் காதில் இடி இடித்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நம்மாள் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தான். அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றிய உதவி அதுதான்.

யாரும் கயிறு கட்டி இழுக்காமல், அப்பாவே ஓட்டி வண்டி கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. முன்புறம் முழுக்கப் புல் சொருகியிருந்தது. நாங்கள் ஓடிப் போய் நின்றோம். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. இரண்டு பேரும் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, தாழ்ந்த கூரையின் இரு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டார்கள்.

"பாதியில நான்தான் முன்னாடி. என் பொண்ணக் கேளுங்க."

"பாதிக்கெல்லாம் பலகையில இடம் இல்ல. புல்லுல நின்ன வண்டிக்கு நேரமே கிடையாது. அதனால நான்தான் முதல்."

"ஆளக் கெடுத்து முதல் வந்தா அது முதலா?"

"அடுத்த மாசம் நீங்க என் வண்டிய ஓட்டுங்க. அழுத்தினா நேராகுதா இல்லையான்னு பாருங்க. அப்புறம் பேசுங்க."

"நானா? அந்த டப்பாவயா? கால நீட்ட இடம் இருக்குமா?"

"இருக்கும். மூளைய வீட்டுல வெச்சிட்டு வந்தா இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்."

அப்பா முகம் சிவந்து, கண் மின்ன, அடுத்த பதிலைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் சரியான நேரம் என்று பட்டது. எத்தனையோ நாள் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தனியாக விடமாட்டேன் என்று சொல்ல வேண்டும், ஞாயிறுதோறும் வருவேன் என்று சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"அப்பா, கல்யாணத்துக்குத் தேதி குறிச்சிடலாம்ப்பா" என்றேன்.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டித் தடுத்தார்.

"குறிச்சுக்கம்மா, நல்ல விஷயம்தானே. கொஞ்சம் இரு, இவங்ககிட்ட ஒண்ணு முடிச்சிட்டு வந்துடுறேன்."

நான் கழற்றிப் போட்டிருந்த வழுக்கை டயர் மேல் உட்கார்ந்தேன். நம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து போனில் காலண்டரைத் திறந்தான். கொட்டகையில் ஒவ்வொருவராக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அப்பா வரவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருப்பதையே அவர் மறந்துவிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.